கறுப்புக் கரைக் கடிதம்

"வீல்ல்ல்!"

கிர்ஸ்டியின் அலறல் அந்த எடின்பரோ வீட்டின் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். கேட்கத்தான் ஆளில்லை.

அப்பாவின் மேஜையில் கிழவர் பிரிங்கிள் கவிழ்ந்து கிடந்தார். கழுத்தில், கடிதம் பிரிக்கும் கத்தி!

அவள் அப்பா, ரசாயன விஞ்ஞானி டன்பார், போன வாரம்தான் இறந்தார். அவருடைய கடிதங்களைப் புத்தகமாக்கத் தொகுத்துக்கொண்டிருந்தவர் பிரிங்கிள்.

"கத்தாதே!"

கதவுக்குப் பின்னாலிருந்து டாக்டர் ஹெக்டர் வந்தான். அப்பாவின் மாணவன். கையில் துப்பாக்கி.

"ஏன்... ஏன் கொன்னீங்க?"

"இதைப் பார்த்துச் சிரிச்சான்."

ஒரு கடிதத்தை நீட்டினான். 'பச்சைச் சாயத்தைக் கண்டுபிடித்தவன் நீதான், ஹெக்டர். - டன்பார், மார்ச் 1866.'

அயோக்கியன்! அந்தச் சாயத்துக்காக அப்பா தன் நுரையீரலையே பலி கொடுத்தார்.

"இது புத்தகத்துல வரணும். அப்பா கையெழுத்துதான்னு நீ பதிப்பாளர்கிட்ட சொல்லணும். மாட்டேன்னா..."

துப்பாக்கியின் பிடி அவள் தாடையில் இறங்கியது. பல் தெறித்தது.

ரத்தத்தைத் துப்பினாள். பயம் போய் ஆத்திரம் வந்திருந்தது.

"சொல்றேன். ஆனா பிரிங்கிள் ஏன் சிரிச்சார்னு புரிஞ்சுதா? வெள்ளைத் தாள்! அம்மா செத்தது அந்த பிப்ரவரி. அந்த வருஷம் பூரா அப்பா நிலக்கரிக்காரனுக்குக்கூட கறுப்புக் கரை போட்ட தாள்லதான் எழுதினார். துக்க வீட்டு வழக்கம்கூட மறந்துபோச்சா?"

ஹெக்டரின் முகம் வெளிறியது. கள்ளக் கையெழுத்தில் அவன் புலி. துக்கம்தான் அவனுக்கு வராத பாடம்.

"கறுப்புக் கரைத் தாள் இருக்கா?"

"இழுப்பறையில. திரும்ப எழுதுங்க."

எழுதினான்... பிணத்தைத் தள்ளிவிட்டு, அதே மேஜையில்!

பதிப்பகத்தில், துக்க முகத்திரை கிர்ஸ்டியின் வீங்கிய தாடையை மறைத்தது. பக்கத்தில் நின்ற ஹெக்டரின் கோட்டுக்குள்ளிருந்த துப்பாக்கி அவள் விலாவை நெருடியது.

"அப்பா எழுத்துதானாம்மா?" என்றார் பதிப்பாளர் ஹால்டேன்.

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க சார்."

ஜன்னலில் பிடித்தார். தாளுக்குள் மறைந்திருந்த ஆலைக் குறி தெரிந்தது. அதன் கீழே தாள் செய்த வருஷம்... 1868!

"கடிதத் தேதி 1866. இது இந்த வருஷத் தாளாச்சே!"

"ஆமா சார். அப்பா போன துக்கத்துக்கு நான் வாங்கினது!"

டமால்!

குண்டு ஹால்டேனின் தோளைப் பிய்த்தது. அடுத்த குண்டுக்குள் கிர்ஸ்டி மேஜையிலிருந்த, அச்செழுத்து கோக்கும் இரும்புச் சட்டத்தை எடுத்துச் சுழற்றினாள். ஹெக்டரின் மணிக்கட்டு முறிந்தது. இன்னொரு வீச்சு மூக்குக்கு! அச்சுக்கோப்பவர்கள் பாய்ந்து அவனை அமுக்கினார்கள்.

"நான்தான்... நான்தான் கண்டுபிடிச்சேன்..." ரத்தம் கொப்பளிக்க முனகினான்.

கிர்ஸ்டி குனிந்தாள்.

"ஒத்துக்கறேன் டாக்டர். செத்தவரை எழுந்து உட்கார வச்சு லெட்டர் எழுத வச்சிருக்கீங்களே... சாயமெல்லாம் அதுக்கு முன்னால எம்மாத்திரம்!"