சூப்புக்கு ஒரு சாட்சி

மந்தைவெளி முனையில் வெள்ளைத்துரையின் தள்ளுவண்டி. மழை பிடித்துக்கொண்டது. அண்டாவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கப் ஆட்டுக்கால் சூப்... அதற்கு நீண்டன இரண்டு கைகள்!

"ஹலோ, நான்தான் மொதல்ல கேட்டேன்!" என்றாள் அன்புக்கரசி.

இன்னொரு கைக்குச் சொந்தக்காரன் அவளது ஊன்றுகோலைப் பார்த்தான். அப்புறம் கண்களைப் பார்த்தான்... அங்கேயே நின்றுவிட்டான்.

"கால் உடைஞ்சவங்களுக்குத்தான் கால். எடுத்துக்குங்க."

"இன்னா, கிண்டலா?"

"இல்லீங்க, மரியாதை."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பாழாய்ப்போன சிரிப்பு கேட்டால்தானே! அவன் பெயர் தமிழ்மாறன் என்பது மறுநாள் தெரிந்தது. அப்புறம் தினமும் அதே வண்டி, அதே இருவர். கேட்டால், டாக்டர் குடிக்கச் சொன்னார் என்பாள்.

கால் உடைந்தது தி. நகர் துணிக்கடை ஒன்றில். ஈரம் காயாத படியில் வழுக்கி விழுந்தாள். ஆபரேஷனுக்காக அப்பா தன் ஆட்டோவையே அடகு வைத்தார். அந்த மருத்துவச் செலவை, டாக்டர் சொன்ன சூப்பையும் சேர்த்து, நஷ்ட ஈடாகக் கேட்டுக் கடைமேல் வழக்குப் போட்டிருந்தாள். ஆட்டோ வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

விசாரணை நாளில் கோர்ட் வராந்தாவில் கறுப்புக் கோட்டுடன் நின்றான் தமிழ்மாறன். கையில் கடைக்காரரின் கேஸ் கட்டு!

"ஓஹோ... நான் நடக்குறேனா நொண்டுறேனான்னு வேவு பாக்கத்தான் தெனம் வந்து நின்னுகினு இருந்தியா?"

"ஐயோ, இல்லீங்க! சீனியர் காலையிலதான் இதைக் குடுத்தார்..."

அவள் கேட்கவில்லை. ஊன்றுகோல் டக்டக்கென்று கோபமாய் நகர்ந்தது.

கூண்டில் ஏறினாள். சூப்புக்கு ரசீது ஏது, அது பொய்யென்றால் மொத்தச் செலவும் பொய் என்று மடக்கச் சொல்லித்தான் சீனியர் அனுப்பியிருந்தார். தமிழ்மாறன் எழுந்தான்... கேஸ் கட்டை மூடினான்.

"ஐயா, இந்த வழக்கை நான் நடத்த முடியாது. இவங்க தினமும் சூப் குடிச்சதையும், வலியோட நடந்ததையும் கண்ணால பார்த்த சாட்சி நான்."

சாட்சியாகிவிட்ட வக்கீல் அதே வழக்கில் வாதாடக் கூடாது. அடுத்த வாய்தாவில் அவனே கூண்டேறினான். கடையின் புது வக்கீல் விடவில்லை.

"உங்களுக்கும் வாதிக்கும் என்ன உறவு?"

"இதுவரைக்கும் ஒண்ணுமில்லீங்க."

கோர்ட்டே சிரித்தது. அன்புக்கரசிக்குக் காது மடல் சூடேறியது.

ஆனால் அதற்கப்புறம் வண்டிப் பக்கம் அவனைக் காணோம். நாம் திட்டிய திட்டுக்கு எப்படி வருவான் என்று நொந்துகொண்டாள். சூப் கையிலேயே ஆறிப்போனது.

தீர்ப்பு வந்தது. சூப் உட்பட மருத்துவச் செலவு முழுவதையும் கடை தர வேண்டும்! பணம் கைக்கு வந்து அப்பா ஆட்டோவை மீட்கப் போன சாயங்காலம், மழையில் நனைந்தபடி வண்டியருகே நின்றான் தமிழ்மாறன்.

"இத்தினி நாளா எங்க போயிருந்தே?"

"கேஸ் முடியறதுக்குள்ள உங்ககூட பேசினா, சாட்சியை விலைக்கு வாங்கிட்டீங்கன்னு சொல்லுவாங்க. அதான்..."

பைத்தியக்காரன்... அவள் கண் நிறைந்துவிட்டது.

"அன்னிக்கு 'இதுவரைக்கும்'னியே... அதுக்கு இன்னா அர்த்தம்?"

"இனிமே அப்படிச் சொன்னா பொய் சாட்சி ஆயிடும்னு அர்த்தம். உன்னைப் பிடிச்சிருக்கு அன்பு... முதல் கப்புலேருந்தே."

"எனக்கும்தான்..." மழைச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, முகம் மலர்ந்துவிட்டது.

தெருமுனையில் பழகிய ஹாரன் சத்தம். மீட்ட ஆட்டோவில் அப்பா!

"எங்க நைனா வர்றாரு. உனக்கும் எம்பொண்ணுக்கும் இன்னா உறவுன்னு கேப்பாரு," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வாட்டி ஒழுங்கா சொல்லு!"