ஆளுக்கொரு யானை

நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்துவந்து ஜெபக்குமார் படுக்கிற கட்டிலுக்கும் நடுச்சுவருக்கும் இடையே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். அன்றைக்குக் காலையில் அந்தச் சந்துக்குள் அவன் உள்ளங்கைதான் போனது.

யாரோ கட்டிலை நகர்த்தியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் வேறு ஆள் கிடையாது. பெண்டாட்டி பியூலா, பாகம் பிரித்த சண்டையைச் சகிக்காமல் எப்போதோ காரியாபட்டிக்குப் போய்விட்டாள். குனிந்து பார்த்தான். கட்டில் கால்கள் தரையில் விழுந்திருந்த பழைய பள்ளங்களிலேயே நின்றன.

சுவர்தான் வந்திருந்தது.

அந்தச் சுவர் எழும்பி ரெண்டு வருஷம். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் செத்த மறுமாதமே ஜெபக்குமாரும் தம்பி சின்னத்துரையும் அருப்புக்கோட்டை வீட்டை நட்டநடுவில் செங்கல் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். வேதப்புத்தகம் முதல் அகராதி வரை பழைய பேப்பர் கடைக்குப் போனது. மிஞ்சியவை அந்தப் புத்தகங்களைத் தாங்கி நின்ற இரண்டு யானைகள். மிஷனை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அம்மா அப்பாவுக்குக் கொடுத்தவை. கறுத்த வெண்கலம், கத்தியால் சீவினது மாதிரி உடம்பு, பச்சைக்கல் பீடத்தில் பின்னங்கால்களை ஊன்றித் தலையைத் தாழ்த்தி, நடுவில் இருப்பதை இரண்டு பக்கமிருந்தும் நெற்றியால் நெட்டித் தள்ளுகிற கோலம். அவற்றையும் ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். ஜெபக்குமார் தன்னுடையதை மேற்குச்சுவர் அலமாரியில், தம்பி வீட்டைப் பார்த்து வைத்தான். முட்டட்டும் என்றுதான். அதைக் கேள்விப்பட்ட தம்பி தன்னுடையதைக் கிழக்குச்சுவரில் அண்ணனைப் பார்த்து வைத்தான்.

போன மாதம் காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வாங்கும் தனுஷ்கோடி வந்தார்.

"முப்பதுகள்ல பிரான்ஸ்ல செஞ்சது தம்பி. அந்தக் காலத்துப் பாணி, ஆர்ட் டெகோன்னு சொல்லுவாக. பழசு சேர்க்கிறவுக இதுக்கு உசுரையே விடுவாக. ஜோடி எங்க?"

"செத்துப்போச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னத்துரை இருமினான். தனுஷ்கோடி சிரித்துக்கொண்டே யானையைக் கீழே வைத்தார். "ஒத்தையா வேண்டாம்ப்பா. நடுவுல ஏதாச்சும் இருந்தாத்தான் இதுக்கு வேலை."

சுவர் நகர்ந்த அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போனது. தெரு முழுக்கத் தடதடத்துக்கொண்டிருந்த விசைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ஓட்டு வழியே வெயிலும் பாவு நூலுக்குப் பூசும் கஞ்சியின் புளித்த வாடையும் மட்டும் இறங்கிக்கொண்டிருந்த அந்த அமைதியில், கல்லின்மேல் கல் இழுபடுகிற சத்தம் மேற்கிலிருந்து கேட்டது. நின்றது. கிழக்கிலிருந்து பதில் வந்தது.

திரும்பினான். யானை அலமாரியில்தான் இருந்தது. அலமாரிதான், சுவரோடு சேர்ந்து, கட்டிலின் மறுபக்கம் வரை வந்திருந்தது.

"அண்ணே."

ரெண்டு வருஷத்தில் தம்பி பேசிய முதல் வார்த்தை.

"ஒன் யானையை எடுத்துத் தூரப் போடுண்ணே. மூச்சு முட்டுது."

ஜெபக்குமாரின் கை ஏற்கெனவே யானைமேல் இருந்தது. லேசாக அசைந்தது. தூக்கினால் வந்துவிடும்.

"மொதல்ல நீ எடுலே."

"கையத் தூக்க முடியலண்ணே. நடுவுல மாட்டிக்கிட்டேன். ஒன் கால்ல விழுறேன்."

"விழுறதுக்கு எடம் இருக்குல்ல? பெறகென்ன?"

கையை எடுத்துவிட்டுப் படுத்தான்.

அந்தப் பக்கம் காய்ந்த கருவேலங்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு குச்சிக்கட்டே மொத்தமாக ஒடிகிற மாதிரி. பிறகு ஒன்றுமில்லை.

"ஏலே."

நடுச்சுவரைத் தட்டினான்.

"சின்னத்துரை!"

எழுந்து யானையைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். சுவரோடு சுவராக நின்றது. வாசலைப் பார்த்தான். கதவு இருந்த இடத்தில் வெளிச்சம் ஒரு நூல் அளவுக்குத்தான் தெரிந்தது. அதுவும் மெலிந்தது. கட்டில் சட்டம் முறிந்தது.

நடுச்சுவரில் விரிசல். ஒரு செங்கல் விழுந்தது. இன்னொன்று. பிறகு மொத்தமும்.

சின்னத்துரை நின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து. கைகள் உடம்போடு ஒட்டி. மூன்று விரல் கனம், அப்பாவின் அகராதி அளவு. கண்கள் திறந்திருந்தன. அவன் தோளுக்குப் பின்னால் தாழ்ந்த, கறுத்த நெற்றி.

கரண்டு வந்தது. தெரு முழுக்கத் தறிகள் தடதடக்கத் தொடங்கின.

ஜெபக்குமாரின் பிடரியில் குளிர்ந்த வெண்கலம் வந்து பட்டது.