பன்னிரண்டு துண்டுகள்

திங்கட்கிழமை, காலை 8.50. ஷிம்னா தன் மேசை லாச்சியைத் திறந்தாள். பூட்டு அதுவரை பூட்டியபடியேதான் இருந்தது. உள்ளே வைத்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் காணவில்லை.

9.05. அவளோடு வேலை செய்யும் ஜீவராஜ், ஆய்வுகூட டைரக்டர் அனுஷியாவின் முன்னால் ஒரு தாளை வைத்தான். அதில் பன்னிரண்டு வரிகள். காணாமல் போன டிஸ்க்கில் இருந்த அதே பன்னிரண்டு.

10.20. சப்-இன்ஸ்பெக்டர் ஹபீலா, கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்திருந்த அந்த மூன்றாம் மாடிக்கு நனைந்த சப்பாத்தோடு ஏறி வந்தாள். வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை இன்னும் விடவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சிச் சொல்லுங்க," என்றாள். "உண்மையிலயும் தெரியாது."

அனுஷியா பொறுமையாகச் சொன்னார். "டெங்கு வைரஸை கம்பியூட்டர்ல ஆயிரக்கணக்கான துண்டா வெட்டுவம். எந்தத் துண்டைக் கண்டா நம்மட உடம்பு எதிரியெண்டு பிடிக்கும் எண்டு மெஷின் கணக்குப் பாக்கும். கடைசியா மிஞ்சிற பன்னிரண்டை வெச்சித்தான் தடுப்பூசி. ஷிம்னாவும் ஜீவராஜும் தனித்தனியாச் செய்யவேணும். இண்டைக்கு நாலு மணிக்கு ஒரு பட்டியல் வெளிநாட்டு லேபுக்குப் போகுது. யார்ட பேர்ல போகுதோ, அவருக்குத்தான் அடுத்த வருஷம் இங்க வேலை."

"ஷிம்னா, உங்கட கணக்கு எப்ப முடிஞ்சது?" ஹபீலா கேட்டாள்.

"போன திங்கள் காலையில, மெடம். நாலு நாள் திருப்பித் திருப்பிச் சரிபாத்தேன். வெள்ளிக்கிழமை டிஸ்க்ல ஏத்திட்டு மெஷின்ல இருந்ததை அழிச்சேன். அடுத்த ஆளுக்கு இடம் விடோணும், அது இங்கத்தைய சட்டம்."

"வேற பிரதி?"

அவள் தலையசைத்தாள். இல்லை.

"லாச்சிச் சாவி?"

"நாலு மேசையும் ஒரே செட். எந்தச் சாவியாலயும் எதையும் திறக்கலாம்."

10.45. கண்ணாடி அறைக்குள் அந்த மெஷின் ஓர் அலுமாரி உயரத்துக்கு நின்றது. ஜீவராஜ் அதன்மேல் கையூன்றிக்கொண்டு பேசினான். மெஷினுக்குப் பொறுப்பு அவன்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பன்னிரண்டு எப்பிடி வந்திச்சி?" என்றாள் ஹபீலா.

"ஒரே வைரஸ், ஒரே புரோகிராம், ஒரே மெஷின். ஒரே கணக்கைச் செஞ்சா ஒரே விடைதானே மெடம் வரும்? இது கோழிக் களவு கேஸ் மாதிரி இல்ல."

"கோழியும் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். எப்ப ஓட விட்டீங்க?"

"வெள்ளி பின்னேரம் ஆறுக்கு. அறுபது மணித்தியாலம். இண்டைக்குக் காலை ஆறுக்கு முடிஞ்சிருக்கு. மெஷின்ட பதிவில இருக்கு, பாருங்க."

"அந்தப் பதிவைக் கையால எழுத ஏலுமா?"

"ஏலும்தான். ஆனா நான் ஏன் எழுத?"

"இடையில கரண்ட் போகல்லயா?"

"ஒரு செக்கனும் நிக்கல்ல." அதைப் பெருமையாகவே சொன்னான். "நான் வத்தளையில வீட்ட இருந்தனான். சனிக்கிழமை இங்க தனியா நிண்டது குப்பாயி மட்டும். அவட பையைப் பாத்தீங்களா?"

வாசலில் தட்டு கிணுகிணுத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து துப்புரவு வேலைக்கு வரும் குப்பாயி, பிளேன்டீயோடு நின்றிருந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். ஜீவராஜின் கோப்பைக்கு மட்டும் சீனி வரவில்லை.

11.10. ஹபீலா அவள் பின்னாலேயே குசினிக்குப் போனாள். அங்கே ஒரு புளித்த வாடை.

"என்ன நாத்தம் இது?"

"தரை தொடைக்கிற துணிங்க நோனா. சனிக்கெழம பன்னெண்டு மணிக்கு அலசிப் போட்டேன். இன்னிக்கு எட்டு மணிக்கு வந்தோன்ன எடுத்தா சொதசொதன்னு கெடக்கு. போன திங்கக்கெழம அப்பளமாட்டம் மொறுமொறுன்னு இருந்திச்சிங்க. புதுசு ஒண்ணு வாங்கித் தாங்கன்னு பெரிய நோனாகிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

"எங்க காயப் போடுவீங்க?"

குப்பாயி தயங்கினாள். "சொல்லிப்புடாதீங்க. அந்த மிசினுக்குப் பின்னால கம்பி இருக்குல்ல, அதுலதாங்க."

"சனிக்கிழமை மெஷின் ஓடிச்சா?"

"அது எப்பவும் ஙொய்யுன்னுதானுங்க இருக்கும். நான் எங்க அதப் பாத்தேன்?"

ஹபீலா அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பிழிந்தாள். இரண்டு சொட்டு விழுந்தது.

11.30. ஷிம்னாவைக் கூப்பிட்டு, மெஷினில் ஏதாவது ஒரு கணக்கை ஓடவிடச் சொன்னாள். இன்னொரு துணியை நனைத்து, பிழிந்து, அதே கம்பியில் போட்டாள். ஜீவராஜ் சிரித்தான்.

"பொலிசில உடுப்புக் காயப்போடவும் பழக்குவாங்களா மெடம்?"

ஹபீலா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மெஷினின் பின்புறத்திலிருந்து சூடு அடிக்கத் தொடங்கியது. வெளியே ரயில் ஒன்று போனது. ஜீவராஜ் துணியைப் பார்த்தான். பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

12.15. துணி விறைத்திருந்தது. ஹபீலா அதை மடித்தபோது மொறுமொறுத்தது.

"முக்கா மணித்தியாலம்," என்றாள். "நீங்க சொல்ற மாதிரி மெஷின் அறுபது மணித்தியாலம் ஓடியிருந்தா, குப்பாயிட துணி அதில சனி பன்னிரண்டு மணி தொடங்கி நாப்பத்திரண்டு மணித்தியாலம் சூட்டில கிடந்திருக்கும். ஆனா இண்டைக்கு எட்டு மணிக்கு ஈரம். கரண்டும் நிக்கல்ல, நீங்களே சொன்னீங்க. பதிவை மாத்தினீங்க ஜீவராஜ், ஆனா சூட்டை உண்டாக்க மறந்துட்டீங்க. மெஷின் ஓடவே இல்ல. அப்ப அந்தப் பன்னிரண்டும் உங்களுக்கு எங்கிருந்து வந்திச்சி?"

"ஈரத் துணியை வெச்சிக்கொண்டு கேஸ் போடப் போறீங்களா?"

"இல்ல. டிஸ்க்கை வெச்சி."

அவன் கண் ஒரு கணம் கதவோரம் தொங்கிய மழைக்கோட்டுக்குப் போய்த் திரும்பியது. ஹபீலா எழுந்து போய் அதன் உள்பையில் கைவிட்டாள். டிஸ்க்கின் முதுகில் ஷிம்னாவின் பெயர் எழுதிய ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை அவ போன பிறகு எடுத்தேன்," என்றான் ஜீவராஜ், மெதுவாக. "என்ட கணக்கு ரெண்டு தடவை பிழையாப் போயிட்டுது. மூண்டாந்தரம் ஓட விடப் பயமா இருந்திச்சி."

"அந்தப் பயத்துக்குக் குப்பாயிட பையைத் தேடச் சொன்னீங்க."

3.40. ஷிம்னாவின் பெயரில் பட்டியல் போனது. அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள்.

ஹபீலா ஈரத் துணியை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினாள். வாசல்வரை வந்த குப்பாயி பையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அத எங்க நோனா கொண்டு போறீங்க?"

"கோர்ட்டுக்கு. இதுதான் சாட்சி."

"சரிங்க," என்றாள் குப்பாயி. "அப்ப நாளைக்கு நான் எதை வச்சி தரை தொடைக்கிறது?"