வின்கோட் பிரபுவின் கடைக்குட்டி

பாளையங்கோட்டையில் ‘வின்கோட் இல்லம்’ எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘லார்டு வீடு’ என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொள்வார்கள்.

மே மாதக் கடைசியில், தார் இளகிச் செருப்பில் ஒட்டும் ஒரு நண்பகலில், ரீபா அங்கே வந்து இறங்கினாள். கணவன் ஹெப்ரானுக்குச் சென்னையிலிருந்து வங்கியில் மாற்றல். சொந்த வீடு சும்மாதானே கிடக்கிறது, அக்கா சாலோமி மட்டும்தானே இருக்கிறாள் என்று ஆறு வயது மகளோடு வந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. ஈரக் கம்பளி வாடை.

ரீபா உடன்குடிக் கருப்பட்டி வியாபாரியின் மகள். கல்யாணம் முடிந்த கையோடு கொடைக்கானலில் மழையில் நனைந்த ஸ்வெட்டர் ஒன்றைத் தவிர, அவளுக்கும் கம்பளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த வாடை அதுதான்.

“எலி செத்துக் கெடக்கும்” என்றான் ஹெப்ரான்.

கூடத்தில் வின்கோட் பிரபு தேக்குச் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். வயிற்றை முன்னே அனுப்பிவிட்டு அவர் பின்னால் வருவதுபோல ஒரு நிலை. சுற்றிலும் மனைவி, நான்கு பிள்ளைகள், இரண்டு நாய்கள். படத்தில் கொஞ்சமாவது மனிதக் களை தெரிந்தது நாய்களின் முகத்தில்தான். கடைசிப் பெண் மட்டும் அப்பாவைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரபுவுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்து மிஷன் விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. சீமையில் ஒருவர் ஓர் அனாதைப் பிள்ளையின் செலவை ஏற்றால், அவர் சொல்லும் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். அப்படி ஒரு சிறுமி ‘ஷார்லட் வின்கோட்’ ஆனாள். அவளுடைய அண்ணன் உபதேசியார் ஆனார், பிரபுவின் தயவில் இந்த வீட்டையும் கட்டினார். அவர் வம்சம்தான் ஹெப்ரான். தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தே தீருவார்கள். ரீபாவின் மகளுக்கும் அதே பெயர்தான். உடன்குடியில் மட்டும் அவள் பொன்செல்வி.

பிரபு மிஷனுக்கு எழுதிய கடிதமும் கண்ணாடிக்குள் தொங்கியது. விருந்தாளி யார் வந்தாலும் ஹெப்ரான் அதைத் தமிழில் சொல்லிக் காட்டுவான். பிள்ளைக்கு டானிக் விற்க வந்தவரைக்கூட விட்டதில்லை.

‘நான் பாராளுமன்றத்தில் அனாதைகளுக்காக ஆறு மணி நேரம் உரையாற்றிய நாளில், நாலு மணிக்கு வந்து அழைத்துப்போவதாக நான் வாக்களித்திருந்த என் கடைக்குட்டி, காத்திருந்து சலித்து, உறைந்த குளத்தில் இறங்கிவிட்டாள். ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு நாளே இருந்தது. அவள் பெயர் பூமியில் இருக்கட்டும். பெயர் இருக்கும்வரை, என்றாவது நான் அவளை அழைக்க வருவேன் என்று அவள் நம்புவாள்.’

“எப்பேர்ப்பட்ட மனுசன்!” என்பான் ஹெப்ரான்.

‘சொன்ன நேரத்துக்கு வந்திருக்கலாம்’ என்று ரீபா நினைத்துக்கொள்வாள்.

ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாவது வாரம், காலையில் கருப்பட்டிக் காப்பியை நீட்டியபோது மகள் தம்ளரைப் பைய நகர்த்தினாள். தனக்குப் பால் போதும் என்றாள். ஆங்கிலத்தில் சொன்னாள். அது பள்ளிக்கூட ஆங்கிலம் கிடையாது. ஹெப்ரானே இரண்டு முறை கேட்டுத்தான் விளங்கிக்கொண்டான்.

விளங்கியதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளையை வேதபாடம் வாசிக்க வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் நாலு தாய்மார்கள் ரீபாவைச் சூழ்ந்துகொண்டு, எந்த டியூஷன் என்று கேட்டார்கள்.

பிள்ளை தமிழை விட்டுவிட்டதை ஒருவரும் கேட்கவில்லை.

“என்னங்க, என்னைய வேலக்காரி மாதிரி ‘ஆயா’ன்னு கூப்பிடுதா” என்றாள் ரீபா.

“அங்க பிரபு வீட்டுப் பிள்ளையெல்லாம் அப்படித்தான் கூப்பிடும்.”

“இவ பிரபு வீட்டுப் பிள்ளையா?”

“ஒனக்குக் கருப்பட்டியத் தவிர என்ன தெரியும்?”

பள்ளிக்கூடம் மூன்றரைக்கே விட்டுவிடும். தினமும் நாலு மணிக்குப் பிள்ளை வாசல்படியில் போய் உட்காருவாள். அப்பாவுக்காகக் காத்திருக்கிறாளாம். ஒரு சனிக்கிழமை, வீட்டிலேயே இருந்த ஹெப்ரான் எதிரே குனிந்து, “இந்தா இருக்கேனே அப்பா” என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

‘இன்னும் இல்லை’ என்றாள் ஆங்கிலத்தில்.

அதற்கும் ஹெப்ரான் கை தட்டினான்.

அன்று தலை வாரும்போது ரீபாவின் விரல்கள் விறைத்தன. முடி நனைந்திருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பிள்ளை குளித்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

அடுக்களையில் சாலோமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டில் வாயைத் திறந்தவள் இல்லை.

“மைனி, சுவத்துல மூணு ஷார்லட் போட்டோ இருக்கு. எல்லாமே சின்னப் பிள்ளை போட்டோவா இருக்கே. ஒருத்தியும் பெரியவளா இல்லியே, ஏன்?”

சாலோமியின் கை நின்றது.

“ஆகல.”

“என்னது?”

“ஒருத்தியும் பெரியவ ஆகல. மூணாவது எங்க அக்கா. திடீர்னு இங்கிலீசு பேச ஆரம்பிச்சா. எங்க அப்பா ஊரக் கூட்டிக் காட்டுனாவ. ஏழாவது பொறந்தநாளுக்கு மொத நாளு பின்கட்டுத் தொட்டில கெடந்தா. முழங்கால் தண்ணிதான். சித்திர மாசம். ஒடம்பு ஐஸ்கட்டி மாதிரி இருந்துச்சு.”

“ஏன் மைனி எங்கிட்ட சொல்லல?”

“காய்ச்சல்னு எழுதிட்டாவ. லார்டு பேருக்கு இழுக்கு வரக்கூடாதுல்லா?” சாலோமி குரலைத் தாழ்த்தினாள். “ஏட்டி, ஒம் மகளுக்கு என்னைக்கு பொறந்தநாளு?”

வருகிற சனிக்கிழமை.

ரீபா புருஷனிடம் மன்றாடினாள். பெயரை மாற்றிவிடலாம், அரசிதழில் போட நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். நாலு தலைமுறைப் பெயரைத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் தொலைக்கச் சொல்கிறாயா என்று ஹெப்ரான் சீறினான். வியாழக்கிழமை அம்பாசமுத்திரம் கிளையில் வேலை என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

“வெள்ளிக்கெழம நாலு மணிக்கு நானே நேரா பள்ளிக்கூடம் போயி கூட்டிட்டு வாரேன்” என்று மகளிடம் சொன்னான்.

அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. சீருடை போட்டுவிட்டு ரீபா சாப்பாட்டு டப்பாவை மூடத் திரும்பினாள். அவ்வளவு நேரம்தான்.

பிள்ளையைக் காணோம்.

கம்பளி வாடை.

அது பின்கட்டிலிருந்து அடுக்களைக்குள் வந்தது. பின்கதவு திறந்திருந்தது.

தொட்டிக்குள் மகள் குப்புறக் கிடந்தாள். தெருவே கேட்கும்படி ரீபா அலறினாள். இடுப்பில் செருகியிருந்த போன் தண்ணீரில் விழுந்ததைக்கூட அறியாமல் உள்ளே குதித்தாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. பிள்ளையைத் தூக்க முடியவில்லை. கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள். சின்னக் கை. மிகச் சின்னக் கை.

“ஏட்டி, ஒன் பேரச் சொல்லு!” ரீபா மகளின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். “பொன்செல்வி! நீ பொன்செல்வி! அந்தப் பேரு நமக்கு வேண்டாம். ஒரு நாளும் ஒன்னைய இனி அப்படிக் கூப்பிட மாட்டேன். சொல்லுட்டி!”

நீல உதடுகள் அசைந்தன.

“பொன்… செல்வி…”

இழுத்த கை விட்டது.

தரையில் கிடத்தியதும் பிள்ளை பனிபோல் குளிர்ந்த தண்ணீரைக் கக்கினாள். பிறகு வீறிட்டாள்.

“யம்மா!”

பதினெட்டு நாளைக்குப் பிறகு கேட்ட சொல். ரீபா ஈரச் சீருடையைக் கழற்றிக் கொடியில் போட்டாள். பிள்ளையைப் போர்த்தி மடியில் கிடத்திக்கொண்டாள். காய்ச்சல் கொதித்தது. மத்தியானம் பிள்ளை கண் திறந்து, “யம்மா, கருப்பட்டித் துண்டு தாங்க” என்றபோது சாலோமி முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டு அழுதாள்.

சாலோமியின் போனிலிருந்து ஹெப்ரானுக்கு மூன்று முறை அடித்தார்கள். எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளை இல்லையென்றால் தானாக வீட்டுக்கு வருவான் என்று விட்டுவிட்டார்கள்.

மாலையில் துணி எடுக்கப் போன ரீபா கொடியைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கிளிப்புகள் மட்டும் இருந்தன. சீருடை இல்லை.

அப்போது உள்ளே சாலோமியின் போன் அடித்தது. ரீபா வந்து பார்த்தபோது அவள் அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வகுப்பு டீச்சர் டெபோரா.

“சாலோமி டீச்சர், நல்லா இருக்கீங்களா? ரீபா அக்கா நம்பர் போகவே மாட்டேங்குது. ஒண்ணுமில்ல, பாப்பா யூனிபார்ம் காலையில இருந்தே சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் மாத்தி விட்டிருங்க, என்ன?”

சாலோமி தன் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

“எந்தப் பாப்பா?”

“ஷார்லட்தான் டீச்சர். காலையில பேரு கூப்பிட்டதும் எந்திரிச்சு பதில் சொன்னாளே. இப்பந்தான் அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போனாவ. அவளுக்கு என்னா சந்தோசம்! கடைசில வந்துட்டாருன்னு சொல்லிக்கிட்டே ஓடுனா.”

தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

ரீபா ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். வண்டி வாசலில் நின்றது. ஹெப்ரான் யாருடனோ பேசிக்கொண்டே படியேறினான். ஆங்கிலத்தில். தடுக்கித் தடுக்கிப் பேசும் அவனுடைய வங்கி ஆங்கிலம் எங்கே போனதோ, வயிற்றை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற ஒருவரின் குரல் அது.

கதவிடுக்கு வழியாக ஈரக் கம்பளி வாடை உள்ளே நுழைந்தது.

“ஆயா!” என்று கூப்பிட்டது அந்தக் குரல். “கதவைத் திற.”

பொன்செல்வி அம்மாவின் சேலையைப் பற்றிக்கொண்டாள். “யம்மா,” என்றாள் மெல்ல, “தொறக்காதிய.”

கதவு தட்டப்பட்டது. ஒரு தட்டு தாழ்ப்பாள் உயரத்தில் விழுந்தது.

இன்னொன்று, அதற்கு வெகு கீழே.