மாதா நீலம்

பிக்கப் வண்டியின் பின்புறம் பொருத்திய நீள இரும்புப் பெட்டியின் மூடியில், அதே இடத்தில், பெயிண்ட் மறுபடியும் கொப்புளித்திருந்தது. போன ஆயுத பூஜைக்கும் அங்கேதான். அதற்கு முந்தியதற்கும் அங்கேதான்.

வருசா வருசம் வண்டிக்குப் புது நிறம் அடிப்பதை ரெங்கசாமியின் பக்தி என்று இலுப்பூர்க் கடைத்தெரு மெச்சியது. சூறைத் தேங்காய்க்கு அழுகலாகப் பார்த்துப் பொறுக்குகிற ஊர், டின் டின்னாகப் பெயிண்ட் ஊற்றுகிறவனை வேறென்ன சொல்லும்? அடித்துக் கொடுப்பவள் ஞானசெல்வி.

அவள் புருசன் பங்கிராசும் ரெங்கசாமியும் கூட்டாகக் கடலை மூட்டை ஏற்றிய காலத்தில் இருந்தது வேறு பிக்கப். அதை ஓட்டிக்கொண்டுதான் பங்கிராஸ் எவளோடோ ஓடிப்போனான். சொன்னவன் ரெங்கசாமி, அழுதுகொண்டே சொன்னான். பிறகு திருச்சியில், அப்போது சிவப்பாக இருந்த இந்த வண்டியை வாங்கிவந்து, அவளுக்குத் தன் வண்டிக் கொட்டகையில் வேலையும் கொடுத்தான். அன்றிலிருந்து ஆவூர் மாதாவிடம் அவள் கேட்பது ஒன்றுதான்: ஓடினவன் விளங்கக் கூடாது.

"மேலாகத் தேச்சாப் போதும் தங்கச்சி. ஆழமாப் போனா தகரம் தாங்காது."

"பொட்டி உள்ளுக்கு அடிக்க வேணாமாண்ணே?"

"கருப்பர் சாமான் இருக்கு, பொம்பள கை படக் கூடாதுங்கிறேன். ஒங்க மாதாவாட்டம் எங்காளுக்குப் பொறுமை கெடையாது." சிரித்தபடி பொரி வாங்கப் போனான். அவளும் சிரித்தாள். அடுத்தவர் சாமியைத் தொடக் கூடாது என்று வளர்ந்தவள். அந்தப் பெட்டியின் பூட்டை ஒருநாளும் தொட்டதில்லை.

சாயங்கால மழை தகரக் கூரையில் அவல் இடிப்பதுபோல விழுந்தது. டர்பன்டைன் நெடியும், நனைந்த சாக்கு வாடையும், அவற்றுக்கு அடியில் எதுவோ நெடுநாள் மூடிக்கிடந்த புழுக்கமும் கலந்து வர, ஞானசெல்வி கொப்புளத்தின்மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தாள். பச்சை போனது, மஞ்சள் போனது, சிவப்பு வந்தது. வழக்கமாக அதோடு நிறுத்துவாள். இன்றைக்குச் சிவப்பே பொருக்காகக் கழன்று கையோடு வந்தது.

அடியில் நீலம்.

எந்தக் கடையிலும் விற்காத நீலம். ஆவூர் மாதா போர்வையின் நிறம் வரவேண்டுமென்று பங்கிராஸ் வெள்ளையும் நீலமும் துளி அடுப்புக்கரியும் சேர்த்து அவளுடைய சோற்றுச் சட்டியில் கலக்கியது. சட்டி போச்சே என்று அவள் சண்டை பிடித்தாள். அந்தப் பழைய வண்டி முழுக்க, பெட்டிக்கு உள்ளும் புறமும் அதையே அடித்தான்.

வண்டி எங்கும் போகவில்லை.

அவன்?

அவனுக்குச் சாபம் கொடுத்தது அவள் வாய். இத்தனை வருசப் பூச்சும் அவள் கை பூசியது. அண்ணே அண்ணே என்று கேட்டுக் கேட்டுப் பூசியது.

"எந்தக் கலரு தெரியுது தங்கச்சி?"

கொட்டகைக் கதவுக்கு வெளியே ரெங்கசாமி. எப்போது வந்தான்?

"செவப்புத்தாண்ணே."

மழை.

"செவப்புக்கா இம்புட்டு நேரம்?"

வெளித் தாழ்ப்பாள் மெல்ல விழுந்தது.

அவள் பெயிண்ட் சுரண்டியை எடுத்தாள். பெட்டிப் பூட்டுக்குள் கொடுத்து நெம்பினாள். துருவேறிய கொண்டி முறிந்தது. மூடியைத் தூக்கினாள்.

கருப்பருக்கு ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை. வெறும் பெட்டி. அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே நீலம்.

மூடியின் உட்புறத்தைத் தவிர.

அங்கே, வெளிக் கொப்புளத்துக்கு நேர் அடியில், கீறல்கள். நகக் கீறல்கள். பத்து விரலாலும் இழுத்தவை. இரும்பு வரைக்கும். எல்லாம் துருப்பிடித்துப் பழசாகி...

ஒன்றைத் தவிர.

அது பளபளத்தது. அவள் பார்க்கப் பார்க்க, கர்ரென்று, இன்னும் ஒரு விரற்கடை நீண்டது. சுருண்ட நீலத் துகள் அவள் மணிக்கட்டில் உதிர்ந்தது.

மறுபடி நீண்டது.

மறுபடி உதிர்ந்தது.