உடையப்பன் நெற்றியில் பொட்டு

புஷ்பவள்ளி கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரரு," என்றாள். "உயிரோட இருக்காரு."

சரண் எட்டிப் பார்த்தான். அது அவனுக்குத் தெரிந்த படம். அவனே சரிபார்த்து முத்திரை குத்திய படம்.

மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் டெலிகிராம் குழு அது. பெயர் 'கைக்குள் கேமரா'. லோரி ஓட்டுபவர், தாதி, தொழிற்சாலையில் வேலை செய்பவர் எல்லாரும் இருந்தார்கள். கையில் ஒரு போன் இருந்தால் போதும். வாரந்தோறும் இரண்டு போட்டிகள் நடக்கும். 'ஒட்டுப்படம்' என்பதில் என்ன வித்தையும் செய்யலாம். வானத்தை மாற்றலாம், யானையைப் பறக்க விடலாம். 'திருத்தாத படம்' என்பதில் எதையும் தொடக்கூடாது. அதற்கு வரும் படங்களைச் சரண்தான் பெரிதாக்கிப் பார்த்து, 'சரிபார்த்தது' என்று முத்திரை போடுவான். பேருந்து நிலையத்தருகே கைப்பேசி பழுதுபார்ப்பது அவன் தொழில். குழு அவன் உயிர்.

சந்தேகம் வந்தால் திலகாவிடம் வருவான். விபத்தில் சிக்கிய வண்டிகளைக் இன்சூரன்ஸ் காப்புறுதிக்காகப் பார்த்து மதிப்பிடுவது திலகாவின் வேலை. நாற்பதைத் தாண்டியவள். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் அலுவலகத்தில்தான் இப்போது மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் படத்தில் சரணுக்குச் சந்தேகமே வரவில்லை.

கெர்லிங்கில் ஒரு தேநீர்க்கடை. கிழிந்த நீலப் படுதா. ஆவி பறக்கக் கடைக்காரர் தே ஆற்றிக்கொண்டிருக்கிறார். படத்தின் ஓரத்தில், கேமராவுக்கு மிக அருகில், பழுப்புச் சட்டை போட்ட ஒருவர் கிளாஸைக் கையில் பிடித்தபடி முகத்தைச் சுளித்துப் பார்க்கிறார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அனுப்பியவர் பெயர் 'வழிப்போக்கன்'. குழுவுக்குப் புதியவர்.

"உடையப்பன்," என்றாள் புஷ்பவள்ளி. "ஜெராம் பக்கத்து எஸ்டேட்ல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரு. போன வருசம் மழக்காலத்துல வீட்ட விட்டுப் போனவரு திரும்பல. மோட்டர்சைக்கிள மட்டும் சுங்கை செம்பிலாங் படகுத்துறையில கண்டுபுடிச்சாங்க. கடல்ல விழுந்துட்டாருன்னாங்க. எவளையோ இழுத்துட்டு ஓடிட்டாருன்னாங்க. நான் எதையும் நம்பல." கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைத் தொட்டுக்கொண்டாள். "படத்துக்கு மாலை போடுன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. போட மாட்டேன்னுட்டேன்."

"இப்ப எதுக்குத் தேடி வந்தீங்க?" என்றாள் திலகா.

"எஸ்டேட்ல பழைய லயத்து வீடுங்களுக்குப் பின்னாடி ஒரு குட்டை இருக்குக்கா. மறுநடவுக்குச் சுத்தம் பண்றாங்க. மண்ணு வாரும்போது ஒத்தச் சிலிப்பர் வந்துச்சு. அவரோடதுதான், நான் தச்சுக் கொடுத்த வாரு. போலிஸ்ல அழுது கெஞ்சினேன். மூடுறதுக்கு முன்ன தண்ணி எறைச்சுப் பாக்கறேன்னு சார்ஜன் சொன்னாரு. அதுக்குள்ள உங்க குழுல இந்தப் படம் வந்துச்சு. சார்ஜன் பாத்தாரு. 'குழுவே சரிபார்த்ததுன்னு போட்டிருக்கு, ஆளு உயிரோட இருக்காரும்மா, குட்டையில என்னத்தத் தேடுறது'ன்னு கேட்டாரு. நானும் சரின்னுட்டேன். திங்கக்கிழமை மண்ணு கொட்டி மூடுறாங்க. மூடட்டும்லா, எனக்கென்ன."

சரண் தரையைப் பார்த்தான்.

"இத எடுத்தவரு யாருன்னு சொல்லுங்க, போதும். அவரு கெர்லிங்ல எங்க இருக்காருன்னு கேட்டு, நானே போயிக் கூட்டிட்டு வந்திடுறேன். துணிகூடப் பையில எடுத்து வச்சுட்டேன்."

"இது அவர்தான்னு எதை வச்சு உறுதியாச் சொல்றீங்க? முகமா?"

"முகம், கை ரெண்டுந்தான். கிளாஸ எப்படிப் பிடிச்சிருக்காரு பாருங்க, சுண்டு விரல அடியில குடுத்து. அப்படியே அவரு கை." அவள் சிரித்தாள். உடனே முகம் மாறியது. "ஆனா அங்க எவளோ ஒருத்தி இருக்கா."

"எப்படி?"

"பொட்டு. அவருக்குக் குங்குமம் ஒத்துக்காதுக்கா. வச்சா நெத்தி தடிச்சுப் போயிடும். கல்யாணத்துலகூட வெறும் நெத்தியோடதான் தாலி கட்டுனாரு. இப்பப் பாருங்க. எவ வச்சு விட்டாளோ. வரட்டும், பேசிக்கிறேன்."

பொறாமையும் சந்தோஷமும் ஒரே முகத்தில் இருந்தன. சரணுக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

"இந்த முகத்தோட வேற படம் உங்ககிட்ட இருக்கா? இதே சுளிப்போட?"

"இல்லையே. படம் எடுக்கிறதெல்லாம் அவரு தம்பி மகேந்திரன்தான். எந்நேரமும் போனும் கையுமா இருப்பான்."

"மகேந்திரண்ணன் நம்ம குழுலதான் இருக்காருக்கா," என்றான் சரண் ஆர்வமாக. "ஒட்டுப்படத்துல அவர மிஞ்ச ஆளில்ல. பாவம், பழைய போன் தண்ணியில விழுந்து, இருந்த படமெல்லாம் போச்சுன்னு அழாத குறையா குழுல எழுதியிருந்தாரு."

திலகா தலையசைத்தாள். புஷ்பவள்ளியைக் கீழே உள்ள கடையில் தே குடித்துவிட்டு வரச் சொன்னாள். கதவு சாத்தியதும் சரண் பக்கம் திரும்பினாள்.

"முழுக் கோப்பு இருக்கா?"

இருந்தது. போட்டிக்கு வரும் படத்தைக் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும் என்பது குழு விதி. சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். சரண் அதை மடிக்கணினியில் திறந்தான்.

"நான் ஒவ்வொரு ஓரமும் பாத்தேன்கா. வெட்டின தடமே இல்ல."

"ஓரத்தை நல்லாப் பாத்திருக்க. நடுவுல பாரு. சட்டைப் பை எந்தப் பக்கம்?"

சரண் பார்த்தான். வலது மார்பில் இருந்தது. தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். இடது பக்கம். பித்தான் பட்டியும் மாறியிருந்தது.

"ஆம்பளைச் சட்டைக்கு வலது பக்கம் பை யாரும் வைக்க மாட்டாங்க. படத்தைத் திருப்பு."

இடம் வலமாகத் திருப்பினான். நீலப் படுதாவின் கிழிசல் மறுபக்கம் போனது. கடைக்காரர் மறுபக்கம் நின்றார். இந்த இடத்தில் அவன் நின்றிருக்கிறான்.

குழுவாகக் கெர்லிங் போன அன்று எடுத்த படங்களைக் கைப்பேசியில் தள்ளிக்கொண்டே போனான். அன்று கண்டபடி சுட்டுத் தள்ளி, கேட்டவர்களுக்கெல்லாம் பாதியைப் பார்க்காமலே அனுப்பியிருந்தான். ஒன்றில் விரல் நின்றது. அதே கடை, அதே ஆவி. நாற்காலியில் பச்சைச் சட்டை போட்டு, சுண்டு விரலை கிளாஸின் அடியில் கொடுத்துத் தே குடிப்பவர் மகேந்திரன்.

"இது நான் எடுத்த படம்," என்றான். "திருப்பிப் போட்டு, சட்டை நிறத்த மாத்தி... என் படத்துக்கு நானே முத்திரை குத்தியிருக்கேன்."

"உடம்பு மகேந்திரனோடது. அண்ணன் தம்பிக்குக் கை ஒரே மாதிரி இருக்கும். அந்தம்மா பொய் சொல்லல."

சரண் எழுந்து ஜன்னலருகே போனான். கீழே புஷ்பவள்ளி கடையில் உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை காலடியில் இருந்தது.

"சரிக்கா. அந்த 'வழிப்போக்கன்' அவருதான். செஞ்சது தப்புதான். ஆனா அண்ணிக்கு ஆறுதலா இருக்கட்டும்னு செஞ்சிருப்பாரு. அவரு அப்படிப்பட்ட ஆளு. எனக்குத் தெரியும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன், பொட்டப் பாக்கிற வரைக்கும்."

திலகா நெற்றியைப் பெரிதாக்கினாள். திரை முழுவதும் நெற்றி.

"முகத்தைச் சுளிச்சிருக்காரு. நெத்தியில மூணு மடிப்பு. நெத்தியில வச்ச பொட்டுன்னா மடிப்போட சேர்ந்து மடியணும். இது மடியல. மடிப்புக்கு மேல தட்டையா நிக்குது."

"ஒட்டினதா?"

"ஒட்டினா இது இருக்காது." பொட்டுக்கு மேலே ஒரு மெல்லிய கறுப்பு விளிம்பைக் காட்டினாள். "நிழல். பொட்டோட நிழல். நெத்தியில படிஞ்ச பொட்டுக்கு இப்படித் தள்ளி நிழல் விழாது. பொட்டுக்கும் முகத்துக்கும் நடுவுல ஏதோ இடைவெளி இருக்கு. அதோட நிழல் மேல் பக்கமா விழுது. கடைக்காரர் மூக்கு நிழல் பாரு, கீழே. வெயில் மேலேருந்து வருது. பொட்டுக்கு வெளிச்சம் கீழேருந்து வந்திருக்கு."

சரணுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் மனம் வரவில்லை.

"உங்க வீட்ல," என்றாள் திலகா மெதுவாக, "எந்தப் படத்துக்குக் கண்ணாடி மேல பொட்டு வச்சு, கீழ விளக்கு ஏத்துவீங்க?"

அவன் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படம் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் பொட்டு வைப்பாள்.

"பழைய போன் போனதால மகேந்திரன்கிட்ட கோப்பு இல்ல. சட்டம் போட்ட ஒரு படம்தான் மிச்சம். அதைப் போன்ல எடுத்து, மாலையை அழிச்சிருக்காரு. பொட்ட விட்டுட்டாரு. வாராவாரம் பாத்துப் பாத்து அது அண்ணன் முகத்தோட சேந்துபோச்சு அவருக்கு."

"ஆனா அவரக் காணோம்னுதானே எல்லாரும்..." சரண் நிறுத்தினான்.

"பெண்டாட்டி மாலை போடல. காணாமப் போனவருக்கு யாரும் போட மாட்டாங்க. செத்துட்டார்னு தெரிஞ்சவங்கதான் போடுவாங்க. மகேந்திரன் வீட்ல தெரியும், சரண். சிலிப்பர் கிடைச்சது முதல்ல. படம் வந்தது அப்புறம். இது ஆறுதலுக்குச் செஞ்சதில்ல. குட்டையத் தோண்டாம இருக்கச் செஞ்சது."

சரண் உட்கார்ந்துவிட்டான். போன மாதம்தான் இருவரும் சுங்கை புரோங் வயலோரம் நின்று கொக்குகளைப் படம் எடுத்தார்கள். மகேந்திரன் தன் சோற்றில் பாதியை அவனுக்குக் கொடுத்தான்.

திலகா சார்ஜனை அழைத்துச் சில வார்த்தைகள் பேசினாள். பிறகு புஷ்பவள்ளியை மேலே கூப்பிட்டாள். படம் கெர்லிங்கில் எடுத்ததுதான், ஆனால் மகேந்திரனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். புஷ்பவள்ளி பையை எடுத்துக்கொண்டே காரில் ஏறினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. எஸ்டேட் குடியிருப்பில் வெயில் தாழ்ந்திருந்தது. மகேந்திரன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். சரணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டேய், வாடா! என்ன அண்ணியும் சேர்ந்து... உக்காருங்க அண்ணி. பிரேமலா, தண்ணி கொண்டா."

மனைவி பிரேமலா உள்ளறையிலிருந்து வந்து கதவைப் பின்னால் சாத்தினாள். சாம்பிராணி வாசம் அவளோடு வந்தது. தலைக்குக் குளித்து, கூந்தல் நுனியை முடிந்திருந்தாள். மோதிர விரல் நுனியில் சிவப்பு.

சார்ஜனின் வண்டி முனையில் வந்து நின்றது. மகேந்திரன் அதைப் பார்த்தான். நீர்க்குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க பச்சைச் சட்டை எங்கே, மகேந்திரன்?" என்றாள் திலகா. "கெர்லிங்ல போட்டிருந்தது."

அவன் சரணைப் பார்த்தான். சரணால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"சும்மாலா," என்றான் மகேந்திரன். "ஒரு ஒட்டுப்படம்தானே. அண்ணி மனசு..."

"அதுக்கு முகம் எங்கேருந்து எடுத்தீங்க?"

பிரேமலா சாத்திய கதவின்மேல் சாய்ந்தாள். அதைப் பார்த்த புஷ்பவள்ளி உள்ளே போனாள். அவளை யாரும் தடுக்கவில்லை. பிரேமலாவின் தோளை ஒதுக்கிக் கதவைத் தள்ளினாள்.

சுவரில் உடையப்பன் முகம் சுளித்துக்கொண்டிருந்தான். புது மல்லிகை மாலை. கீழே காமாட்சி விளக்கு. ஒரு தட்டில் சோறும், அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும்.

புஷ்பவள்ளி கத்தவில்லை. சரண் அதற்காகக் காத்திருந்தான். அவள் அசையாமல் நின்றாள். பை அவள் கையிலேயே இருந்தது.

"லோரிய ரிவர்ஸ் எடுத்தேன் அண்ணி," வாசலிலிருந்து மகேந்திரனின் குரல் வந்தது. "அண்ணன் பின்னால நின்னு கை காட்டிக்கிட்டிருந்தாரு. நான் கண்ணாடியப் பாக்கல. போனைப் பாத்துட்டிருந்தேன். குழுல போட்ட படத்துக்கு யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு... சத்தம் கேட்டுத்தான் எறங்கினேன். அண்ணனுக்கு மூச்சில்ல. சுத்தி யாருமில்ல. குட்டை பக்கத்துலயே இருந்துச்சு. மோட்டரக் கொண்டுபோயி..." அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான்க்கா படம் வச்சேன்," என்றாள் பிரேமலா. "செத்தவருக்கு ஒரு விளக்குகூட இல்லாம எப்படிக்கா விடறது? சோறு வைக்காம நாங்க எப்படித் திங்கிறது? ஒரு வெள்ளிகூடத் தப்பவிடலக்கா. நீங்கதான் வைக்க மாட்டேன்னுட்டீங்க."

சார்ஜன் வாசலுக்கு வந்துவிட்டார். குட்டையில் வேலையை நிறுத்தச் சொல்லி யாருக்கோ மலாயில் பேசிக்கொண்டிருந்தார்.

புஷ்பவள்ளி பையைக் கீழே வைத்தாள். சுவரருகே போனாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். குங்குமம் இழுபட்டுக் கண்ணாடி சிவந்தது. மீண்டும் துடைத்தாள். உடையப்பனின் நெற்றி வெறுமையாகும்வரை துடைத்தாள்.

பிறகு பிரேமலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்குக் குங்குமம் ஒத்துக்காது," என்றாள். "தெரியாதா உனக்கு?"