ஷட்டரில் ஐந்து பொட்டு

இருசம்மாள் மாடிப்படி ஏறி வந்ததைப் பார்த்ததுமே செல்லக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்தான். தங்கை அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குச் சொல்லாமல் வருகிறவள் இல்லை.

"அண்ணே, அவர சாயந்திரத்துக்குள்ள ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிட்டாங்க."

"மாப்பிள்ளையவா? எதுக்கு?"

"லாரி நடராசன் வூட்டு ஷெட்டுல இருந்த புல்லட் வண்டிய ராத்திரி யாரோ தள்ளிட்டுப் போயிட்டாங்களாம். ஷட்டர் ரிப்பேர் பண்ணினது இவரு. சாவி ஒண்ணும் இவருகிட்ட இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் அவங்களுக்கு?"

காசிநாதன் பேனாவை மூடினார். போலீஸ் வேலையை உதறிவிட்டு அந்த மாடியறையில் துப்பறியும் தொழில் நடத்துகிறவர். செல்லக்கண்ணு அவருடைய ஒரே உதவியாள். இன்றைக்கு மட்டும் அவன் கட்சிக்காரனும்கூட.

"சாவி ஏன் அவர்கிட்ட இருக்கு?" என்றார் காசிநாதன்.

"புதுப் பூட்டுங்க. ரெண்டாவது சாவி இறுக்கமாத் திரும்புதுன்னு அராவித் தர எடுத்துட்டு வந்தாரு. நேத்து ஆயுத பூசை. அரம், ரம்பமெல்லாம் பூசையில இருந்துச்சு. எப்படிங்க தொடுவாரு?"

பஸ்ஸில் செல்லக்கண்ணுவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காசிநாதன் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தார். அவர் தூங்குகிறாரோ என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

அரியலூர் கடைத்தெருவில் இருசம்மாளின் கணவன் முருகையனின் பட்டறை முன்னால் கும்பல். எல்லாரும் அவனிடம் ஷட்டர் வேலை செய்துகொண்ட கடைக்காரர்கள்.

"என் கடைப் பூட்ட இப்பவே மாத்திக் குடு. எத்தனை சாவி வச்சிருக்கியோ!" என்று மண்டிக்காரர் ஒருவர் கத்தினார். முருகையன் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்லக்கண்ணு கும்பலை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றான்.

காசிநாதன் கும்பலுக்குள் புகுந்து, மாப்பிள்ளை பார்க்க வந்தவர் விசாரிப்பதுபோல் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "இவரு வேலை எப்படிங்க?"

"வேலைல குத்தம் சொல்ல முடியாது. ஆனா வர்றேன்னா வரமாட்டான்" என்றார் மண்டிக்காரர். "என் ஷட்டர் முன்னெல்லாம் தெருவையே எழுப்பும். இப்போ தூக்குனா பக்கத்துக் கடைக்காரனுக்கே தெரியாது."

"அதான் திருடனுக்கு வசதி" என்றார் இன்னொருவர்.

ஜவுளிக்கடை ரத்தினம்மாள் முன்னால் வந்தாள். "எனக்கு இவன் பண்ணுனது தெரியுமா சார்? ஷட்டர அவ்வளவு நெருக்கமாச் சுத்திக்கிற மாதிரி மாட்டிட்டான். போன வருசம் பூசைக்குச் சந்தனம் வச்சு, காயறதுக்குள்ள தூக்கிட்டேன். உள்பக்கம் பூராப் பொட்டு ஒட்டிக்கிச்சு. துணியெல்லாம் மஞ்சக் கறை. தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே போச்சு."

"அக்கா, காய்ஞ்சப்பறம் தூக்குன்னு சொன்னேன்ல?" என்றான் முருகையன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை.

"சொன்ன. யாரு கேட்டா?"

காசிநாதன் சிரித்தார். "வா செல்லக்கண்ணு, ஷெட்டப் பாப்போம்."

நடராசன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒப்பந்தக்காரர். ஆறடி ஆள். வெற்றிலை மென்றபடி வாசலுக்கு வந்தார். வீட்டை ஒட்டிய ஷெட்டின் ஷட்டர் மூடியிருந்தது. கண் உயரத்தில் வரிசையாக ஐந்து பொட்டு, பளிச்சென்ற மஞ்சளில், நடுவே குங்குமம். ஒன்றுகூடக் கலையவில்லை.

"பூசை யாரு பண்ணுனது?"

"நான்தான். வண்டிய உள்ள விட்டு, ஷட்டர இறக்கி, சந்தன வில்லையக் கரைச்சு நானே வச்சேன். காலைல கொல்லைக் கதவு வழியா உள்ள போறேன், வண்டி இல்ல. கொல்லைக் கதவுல ஆளு நுழையலாம், வண்டி நுழையாது."

"வண்டிச் சாவி?"

"வண்டியிலயே இருக்கும். ஷெட்டுக்குள்ள எவன் வரப் போறான்?"

"ஷட்டர் சாவி?"

நடராசன் இடுப்பு அரைஞாணில் தொங்கிய சாவியைத் தட்டிக் காட்டினார். "குளிக்கும்போதுகூட அவுக்கமாட்டேன்."

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களோ?"

"பூசை முடிஞ்சு கொஞ்சம் போட்டுட்டுப் படுத்தேன். வருசத்துக்கு ஒரு நாள்."

உள்ளேயிருந்து யாரோ பாத்திரத்தை நங்கென்று வைத்தார்கள். கூடத்தில் அவருடைய ஏழு வயதுப் பெண், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

செல்லக்கண்ணுவால் அடக்க முடியவில்லை. காசிநாதனைத் தனியே இழுத்தான். "சார், பொட்டு முழுசா இருக்கு. ரத்தினம்மாக்கா சொன்னதக் கேட்டீங்கல்ல? தூக்கியிருந்தா நசுங்கியிருக்கும். இந்த ஷட்டரத் தூக்கவே இல்ல. வண்டி உள்ளயே விடல. இந்த ஆளு பொய் சொல்றான்!"

"பாதி சரி" என்றார் காசிநாதன். "மீதிய உள்ள போய்ப் பாரு."

கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனார்கள். காசிநாதன் டார்ச் அடித்தார். ஷட்டரின் உள்பக்கத்தில், மேல் தகடுகளில், வெளிறிப்போன ஐந்து திட்டு.

செல்லக்கண்ணு ஒரு திட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். ஷட்டரைத் தூக்கித்தான் இருக்கிறார்கள். அப்படியானால் மாப்பிள்ளையிடம் இருந்த சாவி? அவசரப்பட்டு எதையோ கிளறிவிட்டோமோ என்று விரலைச் சட்டென்று எடுத்தான்.

"எல்லாரையும் வாசலுக்கு வரச் சொல்லு. முருகையனையும்."

வந்தார்கள். நடராசனின் மனைவி உண்ணாமலை நிலைப்படியில் நின்றாள். முருகையனும் இருசம்மாளும் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

"நடராசன், உங்க சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க." காசிநாதன் விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து, கொஞ்சம் தண்ணீர் தொட்டு, வெளியே இருந்த ஒரு பொட்டின் ஓரத்தில் தேய்த்தார். மஞ்சள் கண்ணெதிரே சிவந்தது. ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு. பிறகு உள்ளே போய், ஒரு காகிதத்தில் திட்டைச் சுரண்டி எடுத்துவந்து அதிலும் சுண்ணாம்பைத் தடவினார். நிறம் மாறவில்லை.

"உள்ள ஒட்டியிருக்கிறது நீங்க வச்ச சந்தனம். வெளிய இருக்கிறது சந்தனம் இல்ல, மஞ்சள். ஈரம் காயறதுக்குள்ள ஷட்டரத் தூக்கியிருக்காங்க. பொட்டு நசுங்கிருச்சு. வண்டி போனப்பறம் இறக்கி, துடைச்சு, புதுசா அஞ்சு பொட்டு வச்சு, குங்குமமும் வச்சிருக்காங்க."

"அந்தத் திருட்டுப் பயதான்" என்று நடராசன் முருகையனைக் காட்டினார்.

"திருட வந்தவனுக்குப் பொட்டு கலைஞ்சா என்ன? அவன் ஓடுவான். பூசை வச்ச கதவ அலங்கோலமா விட்டுட்டுப் போக மனசு வராத ஒருத்தர் இதச் செஞ்சிருக்காங்க. சந்தன வில்லை எங்கன்னு இருட்டுல தேடல. கைக்கு மஞ்சள்தான் கிடைச்சிருக்கு. சமையக்கட்டுல கண்ண மூடிக்கிட்டு எடுக்கிற கை அது. அரைஞாண்ல இருக்கிற சாவிய, தூங்குறவரு முழிக்காம அவுக்கத் தெரிஞ்ச கையும் அதுதான்."

நடராசனின் வாயில் வெற்றிலை நின்றுபோயிருந்தது.

"என் தம்பிய வரச் சொல்லித் தள்ளிட்டுப் போகச் சொன்னேன்" என்றாள் உண்ணாமலை. "ஆண்டிமடத்துல இருக்கு வண்டி."

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?"

"மருதையாத்துப் பாலத்துல குடிச்சிட்டு வண்டியோட விழுந்தீங்களே, முன்னால யாரு உக்காந்திருந்தா? கை ஒடைஞ்சது யாருக்கு? குடிய விடுங்கன்னு கால்ல விழுந்தேன். நேத்தும் குடிச்சீங்க. காலைல புள்ளைய ஏத்திக்கிட்டு மழபாடிக் கோயிலுக்குப் போறேன்னீங்க."

நடராசன் பெண்ணின் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

தெருவிலிருந்து இருசம்மாள் கேட்டாள். "எல்லாஞ் சரி தாயி. எங்க வூட்டுக்காரரு பேரு காலைலேருந்து கடைத்தெருவுல நாறுதே. அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

உண்ணாமலை நிலைப்படியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தாள். "தப்புதான்" என்றாள். கணவன் பக்கம் திரும்பினாள். "கிளம்புங்க. ஸ்டேஷனுக்கு. அப்புறம் கடைத்தெருவுக்கு. நானும் வரேன். ரெண்டு எடத்துலயும் நானே சொல்றேன்."

நடராசன் செருப்பைத் தேடினார்.

முருகையன் மடியிலிருந்து சாவியை எடுத்தான். அதில் இன்னும் குங்குமம் இருந்தது. "பூசை எடுத்தாச்சு. இன்னிக்கு அராவிடலாம்னு கையில எடுத்தேன், அதுக்குள்ள கும்பல் வந்துருச்சு."

"குடு" என்று நடராசன் கையை நீட்டினார்.

முருகையன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு சாவியை உண்ணாமலையிடம் கொடுத்தான்.

"இறுக்கமாத்தான் திரும்பும், அம்மா. நாளைக்கு வந்து சரி பண்ணித் தர்றேன்."